கொம்பு நடுவில்தான் வரும்

பச்சை குத்தும் 'காயில்' மெஷினைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது பள்ளிக்கூடத்து எலக்ட்ரிக் பெல்தான். இரண்டு கம்பிச் சுருள், மேலே ஓர் இரும்புப் பட்டை, அதைத் தாங்கும் வில்தகடு, தகட்டைத் தொட்டு நிற்கும் ஒரு திருகு. கரண்ட் பாய்ந்ததும் சுருள் காந்தமாகிப் பட்டையைக் கீழே இழுக்கும். இழுத்த கணமே திருகுக்கும் தகட்டுக்கும் தொடர்பு விட்டுப்போகும். காந்தம் செத்துவிடும். பட்டை மேலே துள்ளி மறுபடி தொடும், மறுபடி இழுபடும். பெல்லில் அந்தப் பட்டை மணியை அடிக்கிறது, இதில் ஊசியைக் குத்துகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை நான் சொன்னபோது ஜாபெஸ் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப பிஎஸ்சி ஃபிசிக்ஸ் படிச்சவ பெல் அடிக்கப் போலாமில்ல கவி? ஏதாச்சும் ஸ்கூல்ல கேட்டுப் பாரு."

ஜாபெஸ் அண்ணன்தான் முதலாளி. ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் ரோட்டில், சாக்லேட் கடைக்கு மேல்மாடியில் அவருடைய டாட்டூ கடை. புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடிகளும், கூட்டமாக பைக்கில் வரும் பையன்களும் வருவார்கள். நான் முன்மேஜையில் உட்கார்ந்து ஃபோன் எடுப்பேன், டிசைன் காட்டுவேன், அவர்கள் போனபின் நாற்காலியைத் துடைப்பேன்.

தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். 'முதல் பட்டதாரி' என்று ஒரு சான்றிதழ் உண்டு. அதை வாங்க என் அப்பா கூலியை விட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக நின்றார். அந்தக் காகிதம் ஃபீஸைக் குறைத்தது, வேலை எதுவும் தரவில்லை. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் போய்க் கேட்டேன். "கம்ப்யூட்டர் தெரிஞ்சா வா, டீ போடத் தெரிஞ்சாலும் வா" என்றார். அந்தப் படியை அப்புறம் நான் மிதிக்கவில்லை.

டாட்டூ கடையில் சேர்ந்ததும் எங்கள் அத்தை லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "பதினஞ்சு வருசம் படிச்சுப்போட்டு பச்ச குத்தப் போறாளாமா!" அம்மா அசரவில்லை. "ஊசி போடற வேலைன்னு சொல்லிக்கறேன். நர்சுன்னு நெனச்சுக்கட்டும், உடு."

ஆனால் ஊசி என் கைக்கு வரவில்லை. அதுதான் என் கோபம். டிசைன் வரைவது நான், ஸ்டென்சில் ஒட்டுவது நான், மையைத் துடைப்பது நான். மெஷினைப் பிடிப்பது மட்டும் ஜாபெஸ் அண்ணன். கடையில் இரண்டாவது நாற்காலி ஒன்று சும்மா கிடந்தது. அதற்கு சேலத்திலிருந்து தன் மச்சான் கோபியைக் கூட்டிவரப் போவதாக ஒருநாள் சொன்னார். கோபி அதுவரை செல்ஃபோன் கவர் விற்றுக்கொண்டிருந்தவன்.

"அவனுக்கு லைன் போடத் தெரியுமாண்ணா?"

"கத்துக்குவான்."

"நானும் கத்துக்குவேன்."

அவர் கெட்டவர் இல்லை. யோசிக்காதவர், அவ்வளவுதான். டிராயரை இழுத்து ஒரு பழைய காயில் மெஷினை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவர் குத்துவது பேனா மாதிரி இருக்கிற, சத்தமே வராத புது மெஷினில். இது துருப்பிடித்துக் கிடந்தது.

"என் பேனாவத் தொடக் கூடாது. இத ஓட வெச்சுக்கோ. உசுரோட இருக்கற ஒரு ஆளு கையில லைன் போடு. புண்ணு ஆறுனப்புறம் நான் பாப்பேன். கோடு கோடா நின்னுச்சுன்னா அந்த நாற்காலி உனக்கு. மை பரவி இருந்துச்சுன்னா கோபி வருவான், நீ ஃபோன் எடு. சரியா?"

"சரி" என்றேன்.

மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோய் அக்கக்காகப் பிரித்தேன். மலை ஈரத்தில் வில்தகடு துருவேறி உயிரில்லாமல் இருந்தது. திருகின் முனை கருகியிருந்தது. கரண்ட் விட்டால் அந்த இடத்தில் நீலமாகப் பொறி பறந்தது. பொறி பறந்தால் கப்பாசிட்டர் போய்விட்டது என்று அர்த்தம். சேலத்தில் ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் புதுசு வாங்கி வைத்துப் பற்றவைத்தேன். வில்தகட்டை ஆன்லைனில் வரவழைத்தேன். முனையை உப்புத்தாளில் தேய்த்தேன்.

ஓடியது. ஆனால் ஓடுவது வேறு, குத்துவது வேறு.

எல்லாம் அந்தத் திருகுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. பட்டையை விரலால் அழுத்திப் பிடித்தால் அந்தச் சந்தில் ஒரு ரூபாய்க் காசு உரசிக்கொண்டு நுழைய வேண்டும். அதற்கு மேல் போனால் ஊசி மெதுவாக, ஆனால் ஓங்கிக் குத்தும். குறைந்தால் வேகமாக நடுங்குமே தவிர மையை இறக்காது. அப்புறம் ஊசி நுனி குழாயை விட்டு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. அப்புறம் ஊசி ஆடாமல் இருக்கச் சுற்றும் ரப்பர்பேண்டு எவ்வளவு இறுக்கம் என்பது. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும். கேட்டுக் கேட்டுக் காது பழகியது. சரியாக இருக்கும்போது அது ஒரே சுருதியில் ரீங்கரிக்கும். சரியில்லாதபோது தொண்டை கட்டியவன் மாதிரி கரகரக்கும்.

கமலாப்பழத்தில் பழகினேன். தோலோடு நிறுத்த வேண்டும். சாறு கசிந்தால் தோற்றேன் என்று அர்த்தம். கசிந்த பழத்தையெல்லாம் அம்மா உரித்துத் தின்றாள். "இன்னும் கொஞ்ச நாளு தோத்துக்கிட்டே இரு கண்ணு, நல்லாத்தான் இருக்குது." கடைசியில் என் தொடையிலேயே ஒரு கோடும் ஒரு சுழியும் போட்டுக்கொண்டேன். ஆறியதும் கோடு நின்றது.

"உன் தொடை கணக்குல வராது" என்றார் ஜாபெஸ் அண்ணன். "அடுத்தவங்க கை."

அடுத்தவர் யாரும் கை தரவில்லை. பெண்ணின் கையில் அந்தச் சத்தத்தைக் கேட்டதும், "அண்ணாவே போடட்டும்" என்று எல்லோரும் நகர்ந்தார்கள். பெண்களும்தான்.

ஐப்பசி மழையில் ஊரே காலியாக இருந்த ஒரு புதன்கிழமை ஓர் அம்மா வந்தார். தலையில் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் தாளை வாசலிலேயே உதறி மடித்துவிட்டு, சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையின் கையை முழங்கைவரை சுருட்டினார். நெற்றி வெறுமையாக இருந்தது.

"ஏனுங் தம்பி, பச்ச குத்தறது இங்கதானுங்களா?"

"ஆமாங்கம்மா, வாங்க. யாருக்கு?" என்றார் ஜாபெஸ் அண்ணன்.

"எனக்குத்தானுங்க. இந்த மழையில அடுத்தவங்களுக்குக் குத்தறதுக்கா நாகலூர்ல இருந்து பஸ் ஏறி வருவாங்க?"

"அது சரி. பூவுங்களா, சாமிப் படமுங்களா?"

"பேருங்க. எங்க ஊட்டுக்காரரு பேரு."

"சொல்லுங்க, பேரென்ன?"

அந்த அம்மா வாயைத் திறந்தார், மூடினார். சேலை நுனியைப் பிடித்துத் திருகினார். எனக்குத் தெரிந்த பாவனைதான். ரேஷன் கடையில் அப்பா பேர் கேட்டால் என் அம்மாவும் இப்படித்தான் என் விலாவில் இடிப்பாள். புருஷன் பேரைச் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையுமாம். பெண்டாட்டியின் ஆயுசு எப்படிப் போனாலும் பரவாயில்லை போலிருக்கிறது.

"அதெப்படிங்க நான் சொல்றது..."

"சொல்லாட்டி எப்படிங்கம்மா எழுதறது?"

"மலை மேல இருக்கற சாமி பேருங்க தம்பி. வருசா வருசம் சனமெல்லாம் போவுமில்லைங்க, அந்த மலை."

ஜாபெஸ் அண்ணன் விரலைச் சொடுக்கினார். "புரிஞ்சுது, புரிஞ்சுது. இதுக்கு எதுக்குங்கம்மா இவ்ளோ வெக்கம்?" என்று சொல்லிவிட்டு ஸ்டென்சில் எடுக்க உள்ளே போனார். அந்த அம்மா மூச்சு விட்டார். பெரிய கண்டத்தைத் தாண்டிய மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, நீ குத்த மாட்டியா?"

"குத்துவேங்கம்மா."

"அப்ப நீயே குத்து. ஆம்பள கையப் புடிச்சுட்டு உக்காந்திருக்க எனக்குக் கூச்சமா இருக்கும்."

ஸ்டென்சில் தாளோடு வந்த ஜாபெஸ் அண்ணன் தயங்கினார். "அவ புதுசுங்கம்மா."

"நானுந்தான் புதுசு. இதுக்கு முன்னால நான் எங்க குத்தியிருக்கறேன்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே கையுறை மாட்டிக்கொண்டிருந்தேன். "இதுதான் அந்த ஒரு கை. நெனப்பிருக்கட்டும்" என்று மெதுவாகச் சொன்னார்.

அந்த அம்மாவின் பேர் வெள்ளையம்மாள். காப்பி எஸ்டேட்டில் பழம் எடுக்கிற வேலை. இடது முன்கையின் உள்பக்கத்தை சோப்புத் தண்ணீரில் துடைத்து மழித்துக்கொண்டே, எதற்கு இந்த வயதில் என்று கேட்டேன்.

"ஆடி மாசம் போயிட்டாருங்கண்ணு. செடிக்கு மருந்தடிச்சுட்டு வந்தாரு, தண்ணி குடுன்னாரு, அவ்வளவுதான். பதினாறாம் நாளு தாலியக் கழட்டுனாங்க. என் ஓரகத்தி வளையல ஒடைச்சா, அதுல ஒண்ணு கண்ணாடி வளையல் கூட இல்ல, பிளாஸ்டிக்கு. ஒடையல. கத்தரிக்கோல் வெச்சு வெட்டுனா." கொஞ்சம் சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது. "எல்லாம் எடுத்துக்கிட்டாங்க. இத எவ வந்து எடுக்கறான்னு பாக்கறேன்."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இந்த அம்மாவுக்கு ஒரு கோடுகூடப் பிசகக் கூடாது என்று முடிவுசெய்துகொண்டேன். நாற்காலிப் பேச்சு அப்புறம் இருக்கட்டும்.

ஸ்டென்சில் தாளைக் கையில் ஒட்டி, அழுத்தி, மெல்ல உரித்தேன். ஊதா நிறத்தில் எழுத்துகள் பதிந்தன. சின்னச் சின்ன எழுத்து. நான் மெஷினை எடுக்கத் திரும்பினேன்.

"கண்ணு, கொம்பு மொதல்லயே வந்திருக்குதே?"

"என்னங்கம்மா?"

"இந்தக் கொம்பு." வலது கை விரலைப் படாமல் மேலே நிறுத்திக் காட்டினார். "எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா அவரு பேருல கொம்பு நடுவுலதான் வரும். அவரு சோறு கொண்டுபோற தூக்குப்போசியில பேரு வெட்டியிருக்குது. கல்யாணத்துல இருந்து தெனமும் வெளக்கறேன், எனக்குத் தெரியாதா?"

குனிந்து வாசித்தேன். 'சேர்வராயன்' என்று இருந்தது.

"சேர்வராயன்னு எழுதியிருக்குதுங்கம்மா."

"அய்யய்யோ!" கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அது இந்த மலைச் சாமியில்ல? நான் சொன்னது அந்த மலைங்க!"

"எந்த மலைங்கம்மா?"

"அதான். மேட்டூருக்கு அந்தப் பக்கம். சிவராத்திரிக்கு எங்க சனமெல்லாம் நடந்தே போவுமே, அந்த மலை."

எங்கள் அப்பாவுக்குச் சொந்த ஊர் மேட்டூருக்குப் பக்கம் கொளத்தூர். அங்கே இருக்கிற பங்காளிகள் இன்னும் அந்த மலைக்கு நடக்கிறவர்கள்தான். ஏற்காட்டிலேயே பிறந்து வளர்ந்த ஜாபெஸ் அண்ணனுக்கு மலை என்றால் ஒன்றுதான். பிழைக்க இந்த மலைக்கு ஏறிவந்தவர்களுக்கு விட்டுவந்த மலை இன்னொன்று உண்டு.

"மாதேஸ்வரனுங்களா?"

சேலைத் தலைப்பை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார்.

இதற்குள் ஜாபெஸ் அண்ணன் வந்துவிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. "மலைச் சாமின்னா நம்ம மலைன்னுதானேம்மா நெனைப்பேன்."

"உங்களுக்கு இது ஒண்ணுதான் தம்பி மலை. எங்களுக்கு ரெண்டு" என்றார் வெள்ளையம்மாள். "நல்லவேளை, போசிய வெளக்குனேன்."

ஸ்பிரிட் தொட்டு ஊதா எழுத்தைத் துடைத்தேன். ஜாபெஸ் அண்ணன் வேறு தாள் எடுத்துவரப் போனார். "வேண்டாம்ணா. கையிலயே நான் எழுதறேன். பெருசா."

"எதுக்குப் பெருசா? பேருன்னா சின்னதாத்தான் அழகு."

"இங்கிலீஷுக்கு அழகு. தமிழ்ல சுழி இருக்குதுல்ல? மை தோலுக்குள்ள வருசத்துக்கு வருசம் பரவும். சின்னதாப் போட்டா தேயில மேல்சுழி அடைச்சுக்கும். அஞ்சு வருசத்துல ஈ உக்காந்த மாதிரி ஆயிடும்."

"நான் இத்தன வருசமாப் போடறேன், யாரும் குறை சொல்லலியே."

"ஆறு மாசம் கழிச்சு யாரு திரும்பி வந்தாண்ணா? எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க. இவங்க நாகலூரு. பஸ் ஏறி வந்துருவாங்க."

"வந்துருவேன்" என்றார் வெள்ளையம்மாள்.

தோலில் எழுதும் மார்க்கர் பேனாவால் எழுதினேன். மா. அப்புறம் கொம்பு, அதன் தலையில் ஒரு சுழி, உள்ளே தோல் தெரிகிற மாதிரி. கொம்பைப் பார்த்ததும் அவர் முகம் இளகியது. மெஷினைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, புது ஊசி பூட்டினேன். வெயிலில் வெந்து மெலிந்த தோல், கமலாப்பழத் தோலைவிடப் பாதிகூடத் தடிமன் இல்லை. ஊசி நுனியை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்து வைத்தேன். பெடலை மிதித்தேன்.

சத்தம் கேட்டதும் பயப்படுவார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடக் கடவுளே, பாத்திரக்கடையில பேரு வெட்டற மெசினு சத்தமாட்டவே இருக்குது! வெட்டு, வெட்டு."

'மா' வந்தது. கொம்பும் சுழியும் வந்தன. 'த' முடிந்தது. 'ஸ்' பாதியில் மெஷின் தொண்டை கட்டியது. ரீங்காரம் இறங்கி, கரகரத்து, ஊசி ஓங்கிக் குத்த ஆரம்பித்தது. காலை எடுத்துவிட்டேன்.

"என்னாச்சு?" ஜாபெஸ் அண்ணன் எழுந்து வந்தார். கையில் அவருடைய பேனா மெஷின். "வோல்டேஜ ஏத்து."

"ஏத்துனா இன்னும் ஆழமாப் போயிரும். சந்து பெருசாயிருச்சு. அதிர்வுல திருகு பின்னால வந்திருக்குது."

"எந்திரி கவி. பாதியில நிக்கறது நல்லால்ல. நான் முடிச்சுடறேன்."

எழுந்திருந்தால் எல்லாம் முடிந்தது. நாற்காலி மட்டுமில்லை. அந்தக் கையில் பாதி நானும் பாதி அவருமாக ஒரு பேர் சாகும்வரை இருக்கும். எது யாருடைய பாதி என்று பார்த்தாலே தெரியும்.

"எந்திரிக்க மாட்டேண்ணா" என்றேன்.

"அம்மாவுக்கு வலிக்குதுல்ல?"

"எனக்கு வலிக்கலீங்க தம்பி" என்றார் வெள்ளையம்மாள். "அந்தப் புள்ளயே முடிக்கட்டும். ரெண்டு பேரு வெட்டுனா ரெண்டு கையெழுத்தாட்டம் இருக்கும்."

கையுறையைக் கழற்றிப் போட்டேன். அந்த அம்மாவின் கைமேல் சுத்தமான துணியை மூடினேன். மெஷினின் உறையைப் பிரித்து, பட்டையை அழுத்திப் பிடித்து, காசை நுழைத்தேன். லொடலொடவென்று ஆடியது. திருகை மெல்ல உள்ளே முறுக்கினேன். உரசியது. இந்த முறை அதை நகரவிடாமல் பிடிக்கும் பக்கத்துப் பூட்டுத் திருகை விரல் நோகும்வரை இறுக்கினேன். முதலிலேயே அதை அப்படி இறுக்கியிருக்க வேண்டும். கமலாப்பழம் ஒரு பேரின் நீளத்துக்கு வருவதில்லை. அங்கே கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்திவிடுவேன், திருகு நகர நேரமில்லை. இங்கே நகர்ந்துவிட்டது. ஜாபெஸ் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெடலை மிதித்துக் காற்றில் ஓட்டினேன். ஒரே சுருதி. நிறுத்தி, மறுபடி மிதித்தேன். அதே சுருதி.

கை கழுவினேன். மெஷினுக்குப் புது உறை, ஊசியும் புதுசு, கையுறையும் புதுசு. ஜாபெஸ் அண்ணன் அவசரப்படுத்தட்டும் என்று காத்திருந்தேன். அவர் தன் பேனா மெஷினை டிராயரில் வைத்து மூடினார்.

விட்ட இடத்தில் ஊசியை வைத்து 'ஸ்' முடித்தேன். 'வ', 'ர', 'ன்'. கடைசியில் புள்ளி. துடைத்தேன்.

வெள்ளையம்மாள் கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். "கொம்பு நடுவுல இருக்குது" என்றார். அப்புறம், "கண்ணு, ஒருக்காப் படி."

"மாதேஸ்வரன்."

"சத்தமாப் படி சாமி."

சத்தமாகப் படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் உதடும் அசைந்தது. சொன்னாரா இல்லையா என்று நான் குனிந்து கேட்கவில்லை.

நனையக் கூடாது, சொறியக் கூடாது, பொருக்கைப் பிய்க்கக் கூடாது என்றேன். காப்பிப் பழ சீசன் தொடங்கப் போகிறது, கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா என்று என்மேல் எரிந்து விழுந்தார். செடியில் உரசினால் பொருக்கு பிய்ந்துகொண்டு வரும், கோடு போய்விடும். முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் பழம் எடுக்க வேண்டும், ஆறியதும் வந்து ஜாபெஸ் அண்ணனிடம் கையைக் காட்ட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினேன்.

அதற்குப் பிறகு கடையில் கோபி பேச்சு தினமும் வந்தது. அவன் பெட்டி கட்டிவிட்டானாம். ஜாபெஸ் அண்ணன் "பொறுடா, ஒரு கை வரணும்" என்று ஃபோனில் சொல்வதைக் கேட்டேன். நான் ஃபோன் எடுத்தேன், பெருக்கினேன். மீதி நேரத்தில் கமலாப்பழத்தில் பேர் முடிகிற நீளத்துக்கு எழுதிப் பழகினேன்.

கார்த்திகை பிறந்து இரண்டாம் வாரம் வெள்ளையம்மாள் படி ஏறி வந்தார். வந்ததும் சட்டைக் கையைச் சுருட்டி, என்னிடம் நீட்டாமல், நேராக ஜாபெஸ் அண்ணன் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

"பாருங்க தம்பி. உங்களுக்குத்தான் பாக்கோணுமாம்."

அவர் ஃபோன் டார்ச்சைப் போட்டுப் பார்த்தார். கட்டைவிரலால் தோலை இழுத்துப் பார்த்தார். தே எழுத்தின் மேல்சுழியில் வெகுநேரம் நின்றார். சுழிக்குள் தோல் தெரிந்தது. 'ஸ்' எங்கே நின்று எங்கே தொடங்கியது என்று தேடினார். கிடைக்கவில்லை. 'ன்' எழுத்துக்கு மேலே வெளிச்சத்தைக் கொண்டுபோனார்.

"புள்ளி கொஞ்சம் பெருசு" என்றார்.

நானும் பார்த்தேன். பெரிசுதான். அங்கே கை ஒரு நொடி அதிகம் நின்றுவிட்டது.

"ஆமாண்ணா. அடுத்ததுல சின்னதா வெப்பேன்."

"அடுத்ததா?"

"ஆமா. அடுத்தது" என்றேன். இரண்டாவது நாற்காலியின் மேலிருந்த பழைய அட்டைப்பெட்டிகளை எடுத்துக் கீழே வைத்தேன். அவர் தடுக்கவில்லை. கோபியிடம் வர வேண்டாம் என்று சொல்ல ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.